கால் வேலி நிலமும் 720 மதிப்பெண்ணும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் உத்திரமேரூர்ப் பக்கம் எந்த வீட்டிலாவது ஒரு பெண் நல்ல மதிப்பெண் எடுத்துத் தொலைத்துவிட்டால், பால்காரர் தொடங்கி வந்தவாசி பஸ் கண்டக்டர் வரைக்கும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: “இன்னா குரூப்பு எடுக்கப் போற?” அவள் “டாக்டருக்குப் படிக்கணும்” என்று சொல்லிவிட்டால் போதும். ஆளாளுக்கு ஒரு பாடத்திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அறிவுரை அவ்வளவும் இலவசம், செலவு அதற்கப்புறம்தான் தொடங்கும்.

அந்தப் பெற்றோருக்கு உதவியாக நானும் ஒரு முறையான திட்டம் எழுதித் தரலாம் என்று நினைக்கிறேன். பதினொன்றில் என்ன, பன்னிரண்டில் என்ன, எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் அறிவியல் முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

முதலில் குரூப். பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா? கணக்கைச் சேர்த்து எடுத்தால், டாக்டர் போனாலும் இன்ஜினியர் மிஞ்சும். இது அப்பாக்களின் கட்சி. கணக்கை விட்டுவிட்டால் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாக ஆழ உழலாம். இது உயிரியல் ஆசிரியர்களின் கட்சி. எதை எடுத்தாலும் தமிழ், ஆங்கிலத்தோடு சேர்த்து ஆறு பாடம், 600 மதிப்பெண். அறிவியல் பாடம் ஒவ்வொன்றிலும் எழுத்துக்கு 70, செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் சேர்த்து 30. இரண்டு வருஷம் பிள்ளை கால்வின் சுழற்சியையும் கிர்க்காஃப் விதியையும் நெஃப்ரானின் படத்தையும் நெட்டுருப் போட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி டீ போட்டுக் கொடுக்க வேண்டும். செய்முறை நோட்டுக்கு அட்டை போட வேண்டும்.

இவ்வளவும் எதற்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. மருத்துவச் சேர்க்கைத் தரவரிசையில் இந்த 600-க்கு மதிப்பு பூஜ்யம். பாஸாகி, குறைந்தபட்சச் சதவீதத்தைத் தொட்டுவிட்டால் போதும், மேற்கொண்டு ஒரு மதிப்பெண் வாங்கினாலும் அது பொழுதுபோக்குக் கணக்கில்தான் சேரும். தரவரிசை என்பது மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எழுதுகிற நீட் நுழைவுத் தேர்வில் இருக்கிறது. 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியென்றால் நாலு, தப்பென்றால் ஒன்று கழியும். உயிரியலுக்கு 90 கேள்வி, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 45, 45. பன்னிரண்டு வருஷம் போன பள்ளிக்கூடத்துக்குப் பூஜ்யமும் மூன்று மணி நேரத்துக்கு முழு மதிப்பும் கொடுத்தவர்களுக்கு எடை போடத் தெரியாது என்று யார் சொன்னது? அவர்களுக்கு எதை எந்தத் தட்டில் வைக்க வேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனால் குரூப் விஷயத்தில் பெற்றோர் இனிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் பெரிய மனசு பண்ணி ஓர் அறிவிப்பு கொடுத்தது. அதுவரைக்கும் பதினொன்று, பன்னிரண்டு இரண்டிலும் இயற்பியல், வேதியியல், உயிரியலை முறையாகப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையாவது இருந்தது. இனி அதுவும் வேண்டாமாம். பன்னிரண்டை முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதிப் பாஸ் பண்ணினாலும் நீட் எழுதலாமாம். தவளையின் இதயத்தை நிஜத்தில் பார்க்காதவர் மனிதனின் இதயத்தை அறுக்கப் போகலாம், அதில் தவறில்லை. எங்கள் ஊர்ப் பெண்தான் பாவம், குரூப்பைப் பற்றி யோசித்து ஒரு வாரம் தூங்காமல் கிடந்தாள்.

அதைவிடச் சுலபமான வழியும் இருக்கிறது. வடக்கே அதற்கு டம்மி பள்ளி என்று பெயர். பிள்ளையின் பெயர் ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை கோச்சிங் சென்டரில் இருக்கும். சிபிஎஸ்இ திடீர் ஆய்வு நடத்தி, 2024 நவம்பரில் டெல்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் அங்கீகாரத்தைப் பறித்தது. ஆள் இல்லாத வகுப்பறையைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய வாரியத்துக்கு அவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நிலைமை தலைகீழ். பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், இயற்பியல் முதுகலை ஆசிரியர் இடம்தான் காலியாக இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக ஒருவரை அமர்த்தியிருப்பார்கள். அவரும் வாங்குகிற சம்பளத்துக்கு மேல் உழைத்துக்கொண்டுதான் இருப்பார், அடுத்த ஜூனில் தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாமலே.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. 2006-ல் நுழைவுத் தேர்வை ஒழிக்கச் சட்டம் போட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று தமிழ்நாடு சொன்னபோது கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது நிஜம். அந்தக் கதவுக்குள் முண்டியடித்துப் பெருவாரியாக நுழைந்தவர்கள் நாமக்கல்லில் விடுதிப் பள்ளியில் அடைபட்ட பிள்ளைகள் என்பதும் நிஜம். அங்கே பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரிப்பதே இல்லை. இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம்தான், வாரத்துக்கு வாரம் தேர்வுதான். பிராய்லர் பள்ளி என்று ஊரே திட்டியது. திட்டிய ஊரே கடன் வாங்கிக் கொண்டுபோய் அங்கே சேர்த்தது. அதைத் திருத்துவதாகச் சொல்லி 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வைத்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டுவிட்டு அந்தப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். நீட் பாடத்திட்டத்திலோ பதினொன்றும் உண்டு, பன்னிரண்டும் உண்டு. ஆகவே மகளே, பதினொன்றாம் வகுப்பைப் படி. அரசாங்கம் அதை ஒரு பொருட்டாக எண்ணாவிட்டாலும் நீ எண்ணிப் படி.

அந்தப் பழைய முறைக்கு உண்மையாகப் படித்தவர் ஒருவர் அரியலூர் மாவட்டம் குழுமூரில் இருந்தார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா. 1200-க்கு 1176. மருத்துவக் கட்-ஆஃப் 200-க்கு 196.75. முந்தைய வருஷ விதிப்படி வெள்ளை அங்கி போட்டிருப்பார். அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த பிறகும், நீட்டிலிருந்து விலக்கு உண்டா இல்லையா என்பதை டெல்லியும் சென்னையும் பேசிக்கொண்டே இருந்தன. ஓராண்டு விலக்குக்கு மத்திய அரசு ஒத்துழைக்கும் என்று 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். அதே மாதத்தில் அதே மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் முடியாது என்றது. நீட்டில் அனிதா எடுத்தது 86. செப்டம்பர் 1 அன்று அவர் உயிரோடு இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்றிவிட்டு, தோற்றவளுக்குத் தகுதி போதவில்லை என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னவர்களின் முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். நான் சொல்லப்போகிற முக்கியமான பாடம் பதினொன்றிலும் இல்லை, பன்னிரண்டிலும் இல்லை. அது பதின்மூன்றாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு வகுப்பறை கிடையாது, ஆனால் டாக்டர்கள் தயாராவது அங்கேதான். ரிப்பீட்டர் என்று பெயர். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அரசிடம் கொடுத்த அறிக்கையில் இந்த வகுப்பின் வருகைப் பதிவேடு இருக்கிறது. நீட்டுக்கு முந்தைய 2016-17-ல் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் ஏற்கெனவே ஒரு வருஷமாவது காத்திருந்து வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம். அதாவது பன்னிரண்டை முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இப்போது சிறுபான்மை.

2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு கணக்கு வந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் 3,081 பேர். தனியார் பயிற்சி இல்லாமல் சேர்ந்தவர்கள் 48 பேர். மீதி 3,033 பேரும் பணம் கட்டிப் படித்தவர்கள். திறமையைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொல்லி டெல்லியிலிருந்து ஒன்றை இறக்கினார்களே, அது கண்டுபிடித்தது இந்தப் பணத்தைத்தான். துல்லியமான கருவி, குறை சொல்ல முடியாது.

ஒரு வருஷப் பயிற்சிக்கும் விடுதிக்கும் சேர்த்தால் தொகை லட்சத்தைத் தாண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவும், கல் குவாரி லாரி ஓட்டுகிற அப்பாவும் அதை எங்கேயிருந்து எடுப்பார்கள்? இங்கேதான் எங்கள் ஊர் உதவிக்கு வருகிறது. மற்ற ஊர்க்காரர்கள் தடுமாறலாம், உத்திரமேரூர்க்காரர்கள் தடுமாறக் கூடாது. தகுதி என்றால் என்ன என்பதை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919-ம் ஆண்டிலும் 921-ம் ஆண்டிலும் வெட்டியவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற குடவோலை முறை அதில் விரிவாக இருக்கிறது. முதல் தகுதி என்ன தெரியுமா? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். ஒன்றரை ஏக்கருக்கும் சற்றே கூட. அப்புறம் சொந்த மனையில் வீடு. வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். நிலம் குறைவாக, அரைக்கால் வேலிதான் இருக்கிறது என்றால் ஒரு சலுகை உண்டு: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம். அந்தக் குடத்தை வனைந்த குயவரின் ஓலை அதற்குள் ஒரு நாளும் விழுந்ததில்லை என்பதைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

இன்றைய விதிகளைப் பாருங்கள், எவ்வளவு மரபு மாறாமல் இருக்கின்றன! முதல் தகுதி இன்றைக்கும் கால் வேலி நிலம்தான். ஒரே வித்தியாசம், அன்றைக்கு அதை வைத்திருக்க வேண்டும், இன்றைக்கு அதை விற்றிருக்க வேண்டும். வேதத்தின் இடத்தில் என்சிஇஆர்டி புத்தகம். அதையும் வரிக்கு வரி ஓத வேண்டும், ஒரு சொல் பிசகினாலும் மைனஸ் ஒன்று. பாஷ்யத்தின் இடத்தில் கோச்சிங் சென்டர் மெட்டீரியல். வயதுக்குக்கூடக் கவலையில்லை. உச்ச வயது வரம்பை 2022-ல் நீக்கிவிட்டார்கள். விடாமல் ரிப்பீட்டராகவே இருந்தால் ஒரு நாள் பராந்தகன் கேட்ட 35 வயதும் வந்துவிடும். (பரந்தூர்ப் பக்கத்து உறவினர்களுக்கு நிலத்தை விற்கிற சிரமமும் இல்லை, விமான நிலையத்துக்கென்று அரசே எடுத்துக்கொள்கிறது.)

அரைக்கால் வேலிச் சலுகையும் இருக்கிறது. அதற்குப் பெயர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு. 2020 அக்டோபரில் ஆளுநர் மேசையில் அந்த மசோதா ஊறிக்கொண்டிருந்தபோது அரசு அரசாணை போட்டது, மறுநாள் ஆளுநரும் கையெழுத்துப் போட்டார். முதல் வருஷத்திலேயே ஏறக்குறைய நானூறு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்பிபிஎஸ், பிடிஎஸ் இடம் கிடைத்தது. இதை நான் கிண்டல் செய்யமாட்டேன். இந்தப் பதினைந்து வருஷத்தில் இந்த விஷயத்தில் நடந்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான். ஆனால் திட்டம் போடுகிற பெற்றோர் கவனிக்க: ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே இருந்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளை ஏழை இல்லை. நாலு இங்கிலீஷ் பேசட்டும் என்று ஏழாம் வகுப்பில் வயிற்றைக் கட்டி மெட்ரிக் பள்ளியில் சேர்த்து, ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் திரும்பக் கொண்டுவந்த அப்பா பெரும் பணக்காரர். ஆகவே உங்கள் பிள்ளை டாக்டராக வேண்டுமா, எந்தப் பள்ளியில் ஏழையாக இருப்பது என்பதைப் பதினொரு வயதிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்தச் சலுகையில் போகிற பிள்ளையும் நீட் எழுதியே ஆக வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, இலவசப் பயிற்சி இருக்கிறது. பயிற்சி நடக்கிற நாள்களில் நடக்கிறது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களில் முதலிடம் எடுத்த தேனி மாவட்டத்துப் பையன் 664 வாங்கினான் என்று தலைவர்கள் எல்லோரும் சால்வை போட்டார்கள். முந்தைய வருஷம் பள்ளியிலிருந்து நேராகப் போய் எழுதியபோது அவனுக்கு 193. இடையில் ஒரு வருஷம் மற்றவர்கள் செய்த பண உதவியில் தனியார் மையத்தில் படித்தான். அவன் மூளை ஒரே வருஷத்தில் மூன்று மடங்காக வளர்ந்துவிடவில்லை. 193-க்கும் 664-க்கும் நடுவே இருந்தது கட்டணம்.

இனித் தேர்வு நாள். இதற்கும் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும். அரைக்கைச் சட்டை, செருப்பு. ஷூ கூடாது, கம்மல் கூடாது, கொலுசு கூடாது. 2017-ல் வாசலிலேயே கத்திரிக்கோலோடு நின்று முழுக்கைச் சட்டையை அரைக்கை ஆக்கினார்கள். கண்ணூரில் ஒரு மாணவியின் உள்ளாடையைக் கழற்றச் சொன்னார்கள். 2018-ல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எர்ணாகுளத்திலும் ராஜஸ்தானிலும் மையம் போட்டார்கள். மகனை எர்ணாகுளத்தில் தேர்வு மையத்துக்குள் அனுப்பிவிட்டு வந்த திருத்துறைப்பூண்டிக்காரத் தகப்பன் ஒருவர், மகன் தேர்வை முடித்து வரும்போது உயிரோடு இல்லை. அதே தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை. கேள்விக்கு நாலு வீதம் 196 மதிப்பெண் கொடுங்கள் என்றது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கொடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தமிழாக்கத்தில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே முடிவு என்பது விதியாம். ஆங்கிலம் புரிந்தால் பிள்ளை ஏன் தமிழில் எழுதுகிறது என்று அந்த விதியை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

பிள்ளையின் காதுக்குள்ளும் தலைமுடிக்குள்ளும் டார்ச் அடித்துத் தேடியவர்கள் வினாத்தாள் இருந்த பெட்டியை என்ன செய்தார்கள்? 2024-ல் 67 பேர் 720-க்கு 720. 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண். பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் கசிவு. ஹசாரிபாகில் தேர்வு மையத்திலேயே பெட்டியைத் திறந்து எடுத்தார்கள் என்றது சிபிஐ. கருணையைத் திரும்பப் பெற்று, விடைக்குறிப்பைத் திருத்தி எண்ணிப் பார்த்தபோது முழு மதிப்பெண்காரர்கள் 17 பேராகச் சுருங்கினார்கள். கசிவு நாடு முழுவதும் பரவியதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே மறுதேர்வு இல்லை என்று முடிந்தது.

எங்கள் ஊர்க் குடத்துக்கு மறுபடி வருகிறேன். நிலமில்லாதவனை அது உள்ளே விடவில்லை, சரி. ஆனால் உள்ளே விட்டவர்களிடம் எப்படி நடந்துகொண்டது? சபை முழுவதும், சிறியவர் பெரியவர் எல்லோரும் கூட வேண்டும். ஊரில் இருக்கிற கோயில் பூசகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் வந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா? அவன் வாசித்த பிறகு நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். ஒரு கிராமத்துத் தோட்ட வாரியத்துக்கும் ஏரி வாரியத்துக்கும் ஆள் எடுக்க இவ்வளவு ஏற்பாடு. அன்றைக்கு விரலை விரிக்கச் சொன்னது அதிகாரத்தில் இருந்தவனிடம். இன்றைக்கு கையைத் தூக்கச் சொல்வது பதினேழு வயதுப் பெண்ணிடம்.

2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைப் பற்றி உருகிப் பேசினார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஜனநாயகத்துக்கு எங்கள் சுவர் வேண்டும், சட்டமன்றத்தில் நிறைவேறும் எங்கள் நீட் விலக்கு மசோதா மட்டும் வேண்டாம். 2022 ஜனவரியில் அவர் காணொலி வழியாகப் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தமிழ்நாட்டில் திறந்துவைத்தார். பட்டியலில் காஞ்சிபுரம் இல்லை. 2019-ல் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது 1965-லிருந்து நடந்துவந்த செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி புது மாவட்டத்தோடு போய்விட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்னொன்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் இந்தப் பக்கத்தில் பஞ்சமே கிடையாது, நெல் விளைந்த பூமியில் அவை நன்றாகவே விளைகின்றன.

அந்தக் கல்லூரிகளில் சேர என்ன தகுதி வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்திட்டத்தின் ரகசியமான கடைசி அலகு. நீட் என்றால் உச்சத் திறமை என்று நினைத்திருப்பீர்கள். 2023-ல் தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 137, ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 107. 720-க்கு 107! எங்கள் ஊர்ப் பள்ளியில் நூற்றுக்கு 35 எடுக்காதவனை ஃபெயில் என்று எழுதி அனுப்புகிறோம், இங்கே நூற்றுக்கு 15 கூட வேண்டாம். தேர்ச்சி என்று ஒரு காகிதம் கையில் வந்துவிட்டால், வருஷத்துக்கு இருபது லட்சத்துக்கு மேல் கட்டத் தெம்பு உள்ளவருக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வாசல் திறக்கும். 500 எடுத்தும் அரசு இடம் கிடைக்காத கூலிக்காரர் மகள் அந்த வாசலைத் தாண்டி நர்சிங் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போவாள். தகுதியே உயிர் என்று பத்து வருஷமாக நீதிமன்றத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள், 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டுக்கு நிர்ணயித்த தகுதி பூஜ்யம் பெர்சன்டைல். தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்து எழுந்தவர் எல்லோரும் சிறப்பு மருத்துவர் ஆகத் தகுதியானவர்கள்! தனியார் கல்லூரிகளில் காலியாகக் கிடந்த இடங்கள் யாருக்கு உறுத்தின என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

நம்மவர்களையும் விட்டுவைக்க எனக்கு மனசில்லை. இந்தத் தேர்வுக்கான அறிவிக்கையை மருத்துவக் கவுன்சில் 2010 டிசம்பரில் வெளியிட்டபோது டெல்லியில் ஆண்டது காங்கிரஸ், அமைச்சரவையில் இருந்தது திமுக. 2017 பிப்ரவரியில் அதிமுக அரசு நீட் விலக்குக்காக இரண்டு மசோதாக்களை நிறைவேற்றி அனுப்பியது. அவை அதே வருஷம் செப்டம்பரிலேயே நிராகரிக்கப்பட்டுவிட்டன என்பது 2019 ஜூலையில் மத்திய அரசு உயர் நீதிமன்றத்தில் சொல்லித்தான் நாட்டுக்குத் தெரிந்தது. அந்த இரண்டு வருஷமும் விலக்கு வரும் வரும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். அதை நம்பி எத்தனை பிள்ளைகள் படிக்காமல் இருந்தார்களோ! 2021 தேர்தலில் நீட்டை ஒழிக்கும் ரகசியம் தங்களுக்குத் தெரியும் என்றார் உதயநிதி ஸ்டாலின். செப்டம்பரில் மசோதா, 2022 பிப்ரவரியில் ஆளுநர் ரவி திருப்பி அனுப்ப மறுபடியும் மசோதா, 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சரின் அறிவிப்பு. ரகசியம் இன்றுவரை காப்பாற்றப்படுகிறது. நீட் வினாத்தாளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்கலாம்.

எங்கள் ஊர்க் கல்வெட்டில் இன்னொரு பகுதி இருக்கிறது, நாடாளுமன்றத்து அடிக்கல் மேடையில்கூட அதைச் சொன்னார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. அவனை மட்டுமல்ல, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன், உடன்பிறந்தாளை மணந்தவன் வரைக்கும் கூடாது. ஆகவே பிள்ளையின் குரூப்பை முடிவு செய்வதற்கு முன்னால் பெற்றோர் சில கணக்குகளைக் கேட்கலாம். நீட்டை நடத்திய தேசியத் தேர்வு முகமை 2024-க்குக் கணக்குக் காட்டட்டும். 2017 செப்டம்பர் முதல் 2019 ஜூலை வரை வாயைத் திறக்காத அமைச்சர்கள் காட்டட்டும். ரகசியம் வைத்திருந்தவர்கள் காட்டட்டும். 107-க்கும் பூஜ்யத்துக்கும் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் காட்டட்டும். கணக்கு வராவிட்டால் பராந்தகன் காலத்து விதியை ஒரே ஒரு தேர்தலுக்கு அமல்படுத்திப் பாருங்கள், மைத்துனர், மருமகன், மகன் எல்லோரையும் சேர்த்து. தமிழ்நாட்டிலும் டெல்லியிலும் குடத்தில் போட எத்தனை ஓலை மிஞ்சுகிறது என்று எண்ணிவிட்டு, அப்புறம் அந்தப் பெண்ணிடம் வந்து தகுதியைப் பற்றிப் பேசுங்கள்.